யானை பார்க்க வந்தவரும் யானையோடு வாழ்பவரும்

சென்ற மாதம் சங்க வேலையாகக் கூடலூர் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயும், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளும் இருந்தார்கள். எதிர் பெஞ்சில் ஒரு வெள்ளைக்கார வாலிபர். வயது இருபதுக்குள்தான் இருக்கும். முதுகில் பெரிய பை, செம்மண் படிந்த பூட்ஸ், முகம் நிறையச் சிரிப்பு.

சந்தோஷத்தை அடக்க முடியாமல் அவர் தன் செல்போனை எங்கள் பக்கம் நீட்டினார். முதுமலைக் காட்டுச் சாலை தெரிந்தது. ஒரு பெண் யானை; அதன் காலடியில் ஒரு குட்டி. ஜீப் நிற்கிறது. யானை காதை விரித்து இரண்டடி முன்னே வருகிறது. பிறகு குட்டியைத் தும்பிக்கையால் அணைத்துத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போய்விடுகிறது. அவ்வளவுதான் படம். ஆனால் அதைக் காட்டும்போது அந்தப் பையனின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "உயிருள்ளவரை இதை மறக்க மாட்டேன்" என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

தாய் படத்தை நிதானமாகப் பார்த்தார். "இதைக் காட்டுறதுக்கு எவ்வளவு காசு வாங்கினாங்க?" என்று கேட்டார். ஜீப் வாடகை, தங்கும் விடுதி எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார் பையன். தாய்க்கு அது பத்து நாள் கூலி. அவர் கோபப்படவில்லை. வெகு சாதாரணமாகச் சொன்னார்:

"தம்பி காசு குடுத்து யானையைப் பாக்குது. அது கண்ணுல படாம வீடு வந்து சேரணும்னு நாங்க மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வைக்கிறோம்."

மகள் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும், பையன் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

தோழர்களே! அந்தத் தாய் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதைத்தான் நான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதப் போகிறேன்.

தொண்டு செய்யக் கட்டணம்

அந்த வாலிபர் இங்கிலாந்துக்காரர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரியில் சேருவதற்கு முன் இந்தியா வந்திருக்கிறார். மைசூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம். சனி, ஞாயிறு லீவு. அந்த லீவில்தான் பந்திப்பூர் வழியாக முதுமலைக்கு வந்து யானை பார்த்திருக்கிறார்.

நல்ல பையன். பணக்காரத் திமிர் கிடையாது. எங்களோடு சரிசமமாக உட்கார்ந்து டீ குடித்தார். பிற நாட்டு ஏழைப் பிள்ளைக்கு நாலு எழுத்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் கெட்ட எண்ணமா? இல்லை. அந்த வயதில் அந்த எண்ணம் வருவதே பெரிது. அவரைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு விஷயம் கேட்டு நான் திகைத்துப் போனேன். சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்த அவர், அப்படி வேலை செய்வதற்காகவே தன் ஊரில் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டியிருக்கிறார்! அந்தத் தொகையை ரூபாயாக்கிப் பார்த்தால், அந்தத் தாயின் ஓராண்டுக் கூலிக்கும் மேலே போகிறது. அதில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "எங்கள் ஆசிரியர் ஒரு கரும்பலகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

இதைவிட விளக்கமாக யார் சொல்ல முடியும்? பஞ்சு வியாபாரி பஞ்சிலே லாபம் தேடுகிறான். நூல் வியாபாரி நூலிலே லாபம் தேடுகிறான். இந்தக் கம்பெனிகளோ மனிதனுடைய நல்ல மனத்திலே லாபம் தேடுகின்றன. ஐந்து நாள் வறுமை, இரண்டு நாள் வனவிலங்கு. இரண்டுக்கும் ஒரே ரசீது!

அந்தத் தாய் இன்னொரு கேள்வியும் கேட்டார். "தம்பி போன பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

"என்னைப் போல் இன்னொருவர் வருவார்."

"அவரும் மூணு மாசமா?"

"ஆமாம்."

உடனே மகள் எங்களிடம் தமிழில் சொன்னாள்: "வாத்தியார் படிப்புப் படிச்சிட்டு வேலை இல்லாம எங்க ஊர்லயே எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க!"

நிரந்தரமாக ஒரு ஆசிரியரைப் போட வேண்டிய இடத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் பிள்ளை என்ன படிக்கும்? முகத்துக்குப் பழகுவதற்குள் அந்த முகம் ஊருக்குப் போய்விடும். அநாதை விடுதிகளில் இது இன்னும் கொடுமையாகப் போயிற்று. வெளிநாட்டார் வந்து கொஞ்சிவிட்டுப் பணம் தருகிறார்கள் என்பதற்காகவே, தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைகளைக்கூட விடுதியில் அடைத்து அநாதை என்று காட்டும் வியாபாரம் பல நாடுகளில் கிளம்பிற்று. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, குழந்தை உரிமை பற்றிய தன் தீர்மானத்திலேயே, அநாதை விடுதிகளில் நடக்கும் இத்தகைய தொண்டுப் பிரயாணங்களால் விளையும் கேட்டைக் குறிப்பிட வேண்டியதாயிற்று.

கோட்னிஸ் போன பாதை

வெளிநாடு போய்த் தொண்டு செய்வதையே நாம் வெறுக்கிறோமா? ஒருக்காலும் இல்லை. அது நம் இயக்கத்தின் ரத்தத்தில் ஊறியது.

1938ல் ஜப்பானிய ஏகாதிபத்தியம் சீனத்தின் மீது குண்டு மாரி பொழிந்துகொண்டிருந்தபோது, சீனப் போராளிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் புறப்பட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் துவாரகநாத் கோட்னிஸ். ஆலை நகரமான ஷோலாப்பூரில் பிறந்தவர். மற்றவர்கள் நாடு திரும்பிய பின்னும் அவர் திரும்பவில்லை. சீன மொழி கற்றார். போர்முனையில் இரவு பகலாக அறுவை சிகிச்சை செய்தார். பெத்யூன் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1942 டிசம்பர் 9ல், 32 வயதில், அந்த மண்ணிலேயே உயிர் நீத்தார். அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த நார்மன் பெத்யூனும் கனடா நாட்டிலிருந்து சீனம் சென்று, காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்யும்போது விரலில் வெட்டுப்பட்டு, ரத்தத்தில் விஷம் ஏறி, 1939 நவம்பரில் மாண்டவர்.

இருபது வயதுப் பையன் ஒவ்வொருவனும் கோட்னிஸ் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்? அவரைக் கூப்பிட்டது ஒரு கம்பெனி அல்ல, போராடும் ஜனங்கள். அவர் கையில் அந்த ஜனங்களுக்கு அப்போது இல்லாத ஒரு தொழில் இருந்தது. அந்த ஜனங்களின் கட்டளைக்கு அவர் அடங்கி நடந்தார். அவர்கள் பட்ட ஆபத்தை அவரும் பட்டார். சனி, ஞாயிறு என்று அவருக்குத் தனியாக ஒரு நாடு இருக்கவில்லை.

ஆபத்தைப் பங்கு போட்டுக்கொள்வது! இதுதான் அளவுகோல். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இனி காட்டுக்குப் போவோம்.

யார் அழித்த காடு?

"ஜனங்கள் காட்டை ஆக்கிரமித்துக்கொண்டார்கள், அதனால்தான் விலங்கு ஊருக்குள் வருகிறது" என்று படித்தவர்கள் சொல்லக் கேட்கிறோம். எந்த ஜனங்கள்?

நீலகிரியிலும் வயநாட்டிலும் மலை மலையாகக் காட்டை மொட்டையடித்துக் காப்பியும் தேயிலையும் போட்டவர்கள் வெள்ளைக்கார முதலாளிகள். பலவகை மரங்கள் நின்ற இடத்தில் தேக்கை வரிசையாக நட்டவர்கள் அவர்களுடைய காட்டிலாகா. அழகுக்காக அவர்கள் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று முதுமலையின் அடிக்காட்டை மூடிக் கிடக்கிறது. அதன் கீழே புல் முளைப்பதில்லை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டும். புல் இல்லாத காட்டில் அது என்ன செய்யும்? வாழைத் தோப்பைத் தேடி வருகிறது. ரேஷன் கடைக் கதவை உடைக்கிறது.

யானையைக் கொன்றால் வெகுமதி கொடுத்த காலமும் ஒன்று உண்டு. 1873ல்தான் சென்னை மாகாணத்தில் காட்டு யானையைக் காக்கச் சட்டம் வந்தது. புலிக்கோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் விமோசனம் இல்லை. சர்குஜா மகாராஜா ஆயிரத்துக்கு மேற்பட்ட புலிகளைத் தாமே சுட்டதாகக் கணக்குச் சொன்னார். 1961 ஜனவரியில் இங்கிலாந்து ராணியோடு வந்த அவர் கணவர், எடின்பரோ கோமகன், ஜெய்ப்பூர் ராஜா நடத்திய வேட்டையில் ஒரு புலியைச் சுட்டார். அதே 1961ல் உலக வனவிலங்கு நிதி என்ற ஸ்தாபனம் தொடங்கிற்று. அதன் பிரிட்டிஷ் கிளைக்கு முதல் தலைவர் யார் தெரியுமா? அதே கோமகன்தான்!

சுட்டவர்கள் காவலர்களானார்கள். சுடாதவர்கள் குற்றவாளிகளானார்கள். காட்டு நாயக்கரும், பணியரும், இருளரும், குறும்பரும் தேனும் கிழங்கும் எடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் இருந்தபோது புலி அழியவில்லை. இன்றும் தெப்பக்காடு முகாமில் யானைகளை வளர்த்துக் காப்பவர்கள் அவர்களே. அங்கே எடுத்த படம் ஒன்றுக்கு 2023ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. உலகமே கை தட்டிற்று.

காட்டைக் காக்கிறோம் என்ற பெயரால் அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு வாச்சாத்தி ஒன்றே போதும். 1992 ஜூன் 20ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று தருமபுரி ஜில்லாவின் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் பலாத்காரம் செய்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள். செங்கொடி இயக்கம் விடாமல் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 2011ல் கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தார்கள். 2023ல் ஐகோர்ட் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. நீதி வர எத்தனை வருஷம் பாருங்கள்!

சட்டம் இருக்கிறது; பட்டா எங்கே?

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973ல் 9 புலிக் காப்பகங்களோடு புலித் திட்டம் தொடங்கிற்று. 2006 கணக்கெடுப்பில் 1,411 ஆக இருந்த புலிகள் 2022 கணக்கெடுப்பில் 3,682 ஆகப் பெருகின. இதை நாம் வரவேற்கிறோம். புலியும் யானையும் இந்த நாட்டின் செல்வம். அவை அழிந்தால் காடு அழியும். காடு அழிந்தால் ஆறு வற்றும். ஆறு வற்றினால் தஞ்சைத் தரணியின் விவசாயத் தொழிலாளிக்கு வேலை இல்லை.

ஆனால் அந்தச் செல்வத்துக்கு விலை கொடுத்தது யார்? இடதுசாரிகளும் ஆதிவாசி இயக்கங்களும் போராடியதன் பலனாக, 2006 டிசம்பரில் பார்லிமெண்ட் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. வனத்தில் வாழும் மக்களுக்கு "வரலாற்று அநீதி" இழைக்கப்பட்டது என்று அந்தச் சட்டமே தன் முகவுரையில் ஒப்புக்கொள்கிறது. உழுது பயிரிடும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. தேன், கிழங்கு முதலிய காட்டுப் பொருள்கள் மீது உரிமை. உரிமையை முடிவு செய்து கிராம சபையின் சம்மதம் பெறாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது. இவ்வளவும் சட்டம்.

நடந்தது என்ன? தமிழ்நாட்டில் 2008ல் ஒரு கோர்ட்டு உத்தரவு குறுக்கே விழுந்து பட்டா கொடுப்பது தடைப்பட்டது. 2016ல் சுப்ரீம் கோர்ட் அதை நீக்கும் வரை எட்டு வருஷம் வீணாயிற்று. 2019 பிப்ரவரி 13ல், மனுத் தள்ளுபடியான பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வெளியேற்றும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அந்த மாதம் 28ந் தேதியே உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூனில் மத்திய சர்க்காரின் புலிப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிற்று: புலிக் காப்பகங்களின் உள்வட்டத்தில் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்தை முடுக்கிவிடுங்கள் என்று.

ஜீப்பு உள்ளே போக வேண்டும். குடிசை வெளியே வர வேண்டும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

லயத்தின் இரவு

இப்போது அந்தத் தாயின் கதைக்கு வருகிறேன். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். 1964ல் செய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று காகிதத்தில் எழுதிற்று. ஆளையே கேட்காமல் ஆளைப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது! அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968 முதல் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. எங்கே? காட்டைத் திருத்தி, யானை நடமாடிய நிலத்தில்தான். யானையின் வழியில் போய்க் குடியேற வேண்டும் என்று அந்த ஜனங்கள் கேட்டார்களா? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து விரட்டினார்கள். இந்தப் பக்கம் காட்டோரத்தில் இறக்கிவிட்டார்கள். இப்போது அவர்களையே ஆக்கிரமிப்பாளர் என்றால், எந்த நியாயத்தில் சேர்த்தி?

லயத்து வீட்டிலிருந்து கக்கூஸ் ஐம்பது அடி தள்ளி. விளக்கு இல்லை. இரவில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பிள்ளை. அதிகாலையில் பஸ் பிடிக்க வேண்டுமென்றால், புதருக்குப் புதர் நின்று காது கொடுத்துக் கேட்டு நடக்க வேண்டும். "கொப்பு ஒடிகிற சத்தம் வந்தா நின்னுடணும்" என்றார் அந்தத் தாய். மகள் கல்லூரிக்குப் போய் வரும் ஒவ்வொரு நாளும் இதே கதை.

2025 ஜனவரியில், கூடலூருக்கு அடுத்த வயநாட்டில், மானந்தவாடி அருகே பஞ்சாரக்கொல்லியில், காப்பிக் காய் பறித்துக்கொண்டிருந்த ஆதிவாசிப் பெண் ஒருவரைப் புலி கொன்றது. அதே ஆண்டு ஜூனில் வால்பாறையில், ஜார்கண்டிலிருந்து பிழைக்க வந்த தோட்டத் தொழிலாளியின் சின்னஞ்சிறு பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப் போயிற்று. யானையால் மட்டும் இந்தியாவில் ஆண்டுக்கு 500 பேர் அளவில் சாகிறார்கள். பெரும்பாலும் யார்? கூலிக்குப் போகிறவர், விறகுக்குப் போகிறவர், வயலுக்குக் காவல் இருப்பவர். ஜீப்பில் போகிறவர்கள் அல்ல.

தோட்ட முதலாளி வீடும் கக்கூஸும் ஆஸ்பத்திரியும் பிள்ளைக் காப்பகமும் தர வேண்டும் என்று 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. போராடிப் பெற்ற அந்தச் சட்டத்தை 2020ல் தொகுப்புச் சட்டத்துக்குள் போட்டுக் கரைத்தார்கள். புலியின் மீது பழி போடுவது சுலபம். விளக்கு போடாதவன் மீது வழக்குப் போடுவது யார்?

யானைக்கு எதிரி யார்?

நம்மிடையிலும் சிலர் ஆத்திரத்தில், "சுட்டுத் தள்ளு, தொல்லை தீரும்" என்கிறார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது தவறான வழி. யானையும் நம்மைப் போல் வழி மறிக்கப்பட்ட ஜீவன்தான்.

மேற்கு மலைத் தொடரையும் கிழக்கு மலைத் தொடரையும் இணைக்கும் யானை வழி மசினகுடியை ஒட்டிய சீகூர்ப் பீடபூமி. அந்த வழியை அடைத்துக்கொண்டு எழுந்தவை பணக்கார உல்லாச விடுதிகள். 2018ல் சுப்ரீம் கோர்ட் அவற்றில் பலவற்றுக்குச் சீல் வைக்கச் சொல்லிற்று. 2020 அக்டோபரில் வழியைக் காலி செய்ய வேண்டும் என்ற முடிவை உறுதி செய்தது. 2021 ஜனவரியில் என்ன நடந்தது? மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியின் பக்கம் வந்த யானை மீது, டயரைக் கொளுத்தி எறிந்தார்கள். எரியும் டயர் காதில் மாட்டிக்கொள்ள, அந்த யானை பிளிறிக்கொண்டு ஓடியது. பிறகு அது செத்தது. யானை காட்டி லாபம் தேடும் தொழிலிலேதான் யானைக்கு நெருப்பு வைத்தார்கள்!

கோவை ஆலைத் தோழர்கள், "இது மலைக்காரர்கள் பிரச்னை" என்று நினைக்கலாம். தடாகம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். செங்கல் சூளைக்காக அனுமதியில்லாமல் ஆள் உயரப் பள்ளங்களாகச் செம்மண் வெட்டி, ஓடையையும் யானை வழியையும் கெடுத்தார்கள். 2021ல்தான் அந்தச் சூளைகள் மூடப்பட்டன. இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிற தொழிலாளி யானைக்கு எதிரே வந்தால், குற்றம் யானையுடையதா, தொழிலாளியுடையதா?

விவசாயத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் தருமபுரி ஜில்லா மாரண்டஅள்ளி அருகே, கள்ள மின்சார வேலியில் சிக்கி 3 பெண் யானைகள் மாண்டன. 2 குட்டிகள் அநாதைகளாக நின்றன. இப்படிப்பட்ட வேலியில் யானை மட்டுமா சாகிறது? இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன கூலியாளும் சாகிறான். பயிர் நஷ்டத்துக்கு உரிய காலத்தில் முழுப் பணம் கிடைத்தால், சிறு விவசாயி எதற்காகக் கம்பியில் கள்ளக் கரெண்டு விடப் போகிறான்?

வழி இல்லாமல் இல்லை. வால்பாறையில் விலங்கு ஆராய்ச்சியாளர்கள் சிலர் தோட்ட ஜனங்களோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். யானைக் கூட்டம் எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பதைச் செல்போனில் தமிழில் சொல்லும் ஏற்பாடு. முக்கியமான இடங்களில் தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் இருந்தால் விளக்கு எரியும். வேலை முடிந்து வருகிறவர் வேறு வழியில் போவார். அங்கே யானையால் சாவது வெகுவாகக் குறைந்தது. வருஷக் கணக்கில் அந்த மலையிலேயே தங்கி, லயத்து ஜனங்களைக் கேட்டுக் கேட்டுச் செய்த வேலை அது. தொண்டு என்றால் இதைச் சொல்லலாம்.

நாம் செய்ய வேண்டியது

பஸ் வருகிற நேரமாயிற்று. வெகு நேரம் பேசாமல் இருந்த அந்த வாலிபர் கேட்டார்: "நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

தாய் கொஞ்சம் யோசித்தார். "அடுத்த தடவை வந்தா எங்க லயத்துல ஒரு ராத்திரி தங்கு தம்பி. காசு வேண்டாம். காலையில ஊருக்குப் போய் பார்த்ததைச் சொல்லு" என்றார். வருவதாக அவர் ஒப்புக்கொண்டார். வருவாரா, மாட்டாரா, தெரியாது. வந்தால் சந்தோஷம். தன் நாட்டுக் கம்பெனி தன்னிடம் வாங்கிய பணம் எங்கே போயிற்று என்று அவர் அங்கே போய்க் கேட்டால், இன்னும் சந்தோஷம். அங்கேயும் நம் வர்க்கம் இருக்கிறது.

ஆனால் அவரிடம் கேட்பதற்கு முன், நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூலி உயர்வு, போனஸ் என்று எத்தனை கோரிக்கைப் பட்டியல் நானே என் கையால் எழுதியிருக்கிறேன்! "லயத்துப் பாதைக்கு விளக்கு" என்பதைக் கடைசி வரியாகத்தான் எழுதினேன். பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுத்ததும் அந்தக் கடைசி வரியைத்தான். இது என் தவறு. சங்கத்தின் தவறும்கூட. அந்தத் தாய் அதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டாததுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே கேட்போம், முதல் வரியிலேயே கேட்போம்:

லயத்துக்குப் போகும் ஒவ்வொரு பாதைக்கும் விளக்கு வேண்டும். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வேண்டும். அதிகாலையிலும் இருட்டிய பிறகும் தோட்டத் தொழிலாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் பஸ் வேண்டும். வால்பாறையில் செய்த எச்சரிக்கை ஏற்பாடு, யானை நடமாடும் எல்லா ஜில்லாவிலும் சர்க்கார் செலவில் வேண்டும். உயிர் போனால் நஷ்டஈடு, பயிர் போனால் நஷ்டஈடு, அலைய விடாமல் உடனே வேண்டும். வன உரிமைச் சட்டத்தின்படி ஆதிவாசிக்குப் பட்டா வேண்டும். கிராம சபை சம்மதமில்லாமல் ஒரு குடிசையைக்கூடத் தொடக் கூடாது. யானை வழியை அடைத்த உல்லாச விடுதி போக வேண்டும். காடு காட்டும் தொழிலில் வரும் வருமானமும் வேலையும் காட்டுக்குச் சொந்தக்காரனான ஆதிவாசிக்குச் சேர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாத விருந்தாளி போதாது. நிரந்தர ஆசிரியர் வேண்டும்.

மலையில் இருக்கும் தோழர்கள் மட்டும் இதைக் கேட்டால் சர்க்காரின் காதில் விழாது. ஆலை வாசலிலும், களத்து மேட்டிலும் இது ஒலிக்க வேண்டும். வருகிற கூலிப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைகளைத் தொகுக்கும் வேலை தொடங்கிவிட்டது. கிளைக் கூட்டத்துக்கு வருகிற தோழர்கள், தங்கள் லயத்தில், தங்கள் தெருவில், எத்தனை கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.